ஆசைக்கும் பணத்துக்கும் நடுவே

1916-ஆம் ஆண்டு வரை அமெரிக்காவில் மளிகைக் கடை என்றால் நம் ஊர் அண்ணாச்சி கடை மாதிரிதான் இருந்தது. சாமான் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால். வாங்க வந்தவர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பார். கடைப்பையன் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவான். அந்த ஆண்டு டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற பெயரில் ஒரு கடை திறந்தார். நுழைவில் சுழலும் வாயில், கையில் கூடை, இருபுறமும் அடுக்குகள், கடை முழுவதையும் சுற்றிவந்த பிறகே பணம் கட்டும் இடத்தை அடைய முடியும் என்கிற ஒற்றை வழி. ஆள் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் அவர் இப்படி அமைத்தார். விளைவு அதைவிடப் பெரிதாக இருந்தது. அதுவரை கேட்டு வாங்கியவர்கள் பார்த்து வாங்கத் தொடங்கினார்கள்.

கேட்டு வாங்க வேண்டுமானால் என்ன வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து அரைக் கிலோ, நல்லெண்ணெய் ஒரு லிட்டர் என்று லிஸ்ட் எழுதும்போதே முடிவு அடுக்களையில் எடுக்கப்பட்டுவிடுகிறது. டப்பாவைத் திறந்து பார்த்து, மீதி எவ்வளவு என்று கணக்கிட்டு, போன மாதம் எவ்வளவு ஆனது என்று யோசித்து எடுத்த முடிவு அது. பார்த்து வாங்கும் கடையில் அந்த முடிவே அடுக்கின் முன்னால்தான் பிறக்கிறது.

சாண்டர்ஸ் தொடங்கிவைத்ததை வணிக உலகம் நூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து செய்துவருகிறது. ஆசை எழும் கணத்துக்கும் பணம் கைமாறும் கணத்துக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மாத பட்ஜெட்டை நோட்டில் எழுதிவைத்தும் 20-ஆம் தேதிக்குள் கையைக் கடிக்கிறது என்றால், 'எனக்குக் கட்டுப்பாடு போதாது' என்று தன்னையும், 'உன் கைதான் தாராளம்' என்று வீட்டுப் பெண்ணையும் குறை சொல்வது வழக்கமாக இருக்கிறது. இரண்டுமே நியாயமில்லை என்பதை நரம்பியலும் பொருளியலும் சேர்ந்து காட்டியிருக்கின்றன.

முதல் தடயம் குரங்குகளிடமிருந்து கிடைத்தது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், குரங்கின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்துவந்தார். வாயில் பழச்சாறு விழுந்ததும் அவை துடித்தன. சாறு வருவதற்கு முன் ஓர் அடையாளம் தெரியும் என்று குரங்கைப் பழக்கிய பிறகு, துடிப்பு அந்த அடையாளம் தோன்றும் நொடிக்கு நகர்ந்துவிட்டது. சாறு வந்தபோது நரம்பணுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. அடையாளம் தோன்றியும் சாறு வராமல் போனால், வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. பீட்டர் டயான், ரீட் மாண்டேகு ஆகியோருடன் சேர்ந்து 1997-இல் 'சயின்ஸ்' இதழில் ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இந்தத் துறையையே மாற்றியது. டோபமைனை இன்பத்தின் ரசாயனம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். கிடைக்கப்போவதை எதிர்பார்த்துக் கணக்குப் போடும் ரசாயனம் என்பதே அந்த ஆய்வுக்கு நெருக்கமான விளக்கம்.

கைபேசித் திரையில் 'இன்றிரவு 12 மணி வரை மட்டும்' என்று மின்னும் அறிவிப்பு நமக்கான அடையாளம். பார்சலுக்காகக் காத்திருந்த இரண்டு நாளில் இருந்த பரபரப்பு, பிரித்துப் பார்த்த சற்று நேரத்தில் வடிந்துவிடுவது பலருக்கும் பழகிய அனுபவம். பொருளில் குறை இருக்காது. எதிர்பார்ப்பு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஆசை மட்டுமே மனிதனை ஆண்டிருந்தால் யார் கையிலும் காசு தங்கியிருக்காது. எதிர்ப்பக்கம் ஒரு தடை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிரையன் நட்சனும் சகாக்களும் 2007-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 26 பேரை மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துக் கடைக்கு அனுப்பினார்கள். அதாவது, திரையில் முதலில் பொருள் தெரியும், அடுத்து விலை, அதன்பின் வாங்குவதா வேண்டாமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். பிடித்த பொருளைக் கண்டதும் 'நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்' என்ற பகுதி கிளர்ந்தது. டோபமைன் வந்து சேரும் இடங்களில் அது முக்கியமானது. விலை அதிகம் என்று தெரிந்தபோது 'இன்சுலா' என்ற வேறொரு பகுதி கிளர்ந்தது. உடல் வலியையும் அருவருப்பையும் எதிர்பார்க்கும்போது விழிக்கும் பகுதி அது. இந்த இரண்டின் இழுபறியை வைத்து, அந்த நபர் பொத்தானை அழுத்தும் முன்பே அவர் முடிவை ஓரளவு ஊகிக்க முடிந்தது. உறுதியாகச் சொல்லிவிடும் அளவுக்கு இல்லை, குருட்டாம்போக்கைவிட மேலாக.

காசு கொடுப்பது வலிக்கிறது என்பது அலங்காரப் பேச்சு இல்லை போலும். அந்த ஆய்வுக் குழுவில் இருந்த டிரேசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் இருவரும் 1998-லேயே 'செலுத்தும் வலி' என்று இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஆசையின் மறுபக்கத்தில் இயற்கையாகவே நமக்கு அமைந்த தடை அந்த வலி. குடும்ப பட்ஜெட்டைக் காலமெல்லாம் காப்பாற்றிவந்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பணம் எந்த உருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த வலி கூடும், குறையும். பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்களிடம் டிக்கெட் தீர்ந்துபோன ஒரு கூடைப்பந்தாட்டத்தின் நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கட்ட வேண்டும், பாதிப் பேர் கிரெடிட் கார்டில். கார்டுக்காரர்கள் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்டார்கள். ஒரே ஆட்டம், ஒரே மாதிரி மாணவர்கள். பிரெலெக்கும் சேர்ந்து எழுதிய இன்னொரு ஆய்வு 2021-இல் வந்தது. கார்டு, வலி என்ற பிரேக்கைத் தளர்த்துகிறது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். கார்டில் வாங்கும்போது மூளையின் ஆசைப் பகுதியே கூடுதலாகக் கிளர்வதை அந்த ஆய்வு கண்டது. பிரேக் தளர்கிறதோ இல்லையோ, ஆக்ஸிலரேட்டர் மிதிபடுகிறது.

ரொக்கத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. 'நோட்டை மாத்தினா போச்சு' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை முழுதாக வைத்திருந்தால் இருக்கும், சில்லறையாக்கினால் சாயங்காலத்துக்குள் கரைந்துவிடும். பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களின் சோதனைகளில் ஒன்று சீனக் குடும்பப் பெண்களிடம் நடந்தது. ஒரே தொகையைச் சிலருக்குப் பெரிய தாளாகவும் சிலருக்குச் சிறிய தாள்களாகவும் கொடுத்தபோது, பெரிய தாள் வைத்திருந்தவர்களே செலவழிக்க அதிகம் தயங்கினார்கள். பாட்டிமார்கள் சொன்னதில் பிழையில்லை.

இப்போது நம் கையில் தாளும் இல்லை, சில்லறையும் இல்லை. 2016-இல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் யூபிஐயைக் கொண்டுவந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிமாற்றங்களை அது தாண்டியது. டீக்கடை முதல் கோயில் வாசல் பூக்காரம்மா வரை க்யூஆர் கோடு அட்டை வைத்திருக்கிறார்கள். சில்லறைக்குத் திண்டாடிய சிறு வியாபாரிக்கு இது பெரிய விடுதலை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. குடும்பக் கணக்கைப் பார்க்கிறவருக்கோ இதில் வேறொரு முகம் தெரியும். கிரெடிட் கார்டைப் போல இது பொதுவாகக் கடன் இல்லை, பணம் உடனே கணக்கிலிருந்து போகிறது. ஆனாலும் எண்ணிக் கொடுக்கும் வேலை இல்லை, பர்ஸ் மெலிவது தெரிவதில்லை. நாற்பது ரூபாய்க்கும் நாலாயிரம் ரூபாய்க்கும் விரல் செய்யும் வேலை ஒன்றேதான். யூபிஐ லைட்டில் சிறு தொகைக்கு ரகசிய எண்கூடத் தேவையில்லை.

தூரம் மிகவும் சுருங்கியிருப்பது கடைசியாக வந்த பத்து நிமிட டெலிவரியில். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கு நேர் எதிரான நிலையை ஆராய்ந்த ஓர் அருமையான ஆய்வு இருக்கிறது. கேத்ரின் மில்க்மேன், டாட் ராஜர்ஸ், மேக்ஸ் பேசர்மேன் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் இணைய மளிகைக் கடையின் விற்பனைப் பதிவுகளை அலசினார்கள். அங்கே வாடிக்கையாளர் ஆர்டர் போடும்போதே சாமான் எந்த நாளில் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். நாளைக்கே வேண்டும் என்றவர்களின் கூடையில் ஐஸ்க்ரீம் போன்ற ஆசைப் பொருள்களின் பங்கு அதிகம். சில நாள் தள்ளி வரட்டும் என்றவர்கள் காய்கறி போன்றவற்றைக் கூடுதலாக எடுத்தார்கள், மொத்தத்தில் குறைவாகவும் செலவழித்தார்கள். ஆளை மாற்ற வேண்டாம், நாளை மாற்றினால் போதும். நாளை வருவதற்கும் சில நாள் தள்ளி வருவதற்கும் இடையிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் சாமானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆர்டர் போடுவது அடுக்களையில் டப்பாவைத் திறந்து பார்த்த மனம் அல்ல, இரவு ஒன்பதரை மணிக்கு வாய் நமநமக்கும் மனம்.

லோவன்ஸ்டைன் இந்த இரண்டு மனங்களையும் சூடான நிலை, குளிர்ந்த நிலை என்று பிரித்தார். குளிர்ந்த நிலையில் இருக்கும்போது, சூடான நிலையில் நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை என்பது அவர் சொன்னவற்றில் முக்கியமானது. ஒன்றாம் தேதி வயிறு நிறைந்து, நிதானமாக உட்கார்ந்து 'இந்த மாதம் வெளிச்சாப்பாடு இரண்டே தடவை' என்று எழுதுகிறவர், பதினெட்டாம் தேதி ஆபீஸ் முடிந்து பசியோடு பேருந்தில் தொங்கிவரும் தன்னை அப்போது அறியமாட்டார்.

பதினெட்டாம் தேதிக்காரரிடம் மனவுறுதியை எதிர்பார்ப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. மனவுறுதி பற்றிய புகழ்பெற்ற ஆய்வுகள் சிலவே பின்னாளில் ஆட்டம் கண்டிருக்கின்றன. வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினார்கள் என்பது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை வைத்துப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு மிகவும் சிறுத்துப்போனது. பெரும்பகுதியைக் குடும்பப் பின்னணியும் சிறுவயது அறிவுத்திறனும் வீட்டுச் சூழலும் விளக்கிவிட்டன. மனவுறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்தை 2016-இல் வெளியான ஆய்வில் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தன. அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. இவற்றை நம்பி ஒருவரை 'கட்டுப்பாடு இல்லாதவர்' என்று முத்திரை குத்துவது கொடுமை.

பயன் தருவது, தூரத்தைத் திரும்ப உண்டாக்குவது. கடை ஆப்களில் சேமித்துவைத்த கார்டு எண்ணை நீக்கிவிடலாம். அறிவிப்புகளை அணைத்துவிடலாம். கூடையில் போட்டதை அன்றைக்கே வாங்காமல், மறுநாள் காலை திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் சொன்ன ஒரு முறை இதற்குத் துணை. 'செலவைக் குறைக்கணும்' என்று பொதுவாக நினைப்பதைவிட, 'சேல் என்று மெசேஜ் வந்தால், லிங்க்கைத் தொடாமல் போனைக் கவிழ்த்து வைப்பேன்' என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பது. கோல்விட்சரும் பஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், இலக்குகளை எட்ட இது நன்றாகவே உதவியிருந்தது. யோசிக்கும் வேலையைக் குளிர்ந்த மனம் முடித்துவைத்துவிடுவதால், சூடான மனத்துக்குச் செய்ய வேண்டியது மட்டும்தான் மிச்சம்.

இதையெல்லாம்விட எனக்கு நம்பிக்கை தருவது பணத்தைப் பிரித்துவைக்கும் பழக்கம். ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு என்று ஆராய்ந்தவர். 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பழைய பொருளியலின்படி எந்த ரூபாயும் எந்த ரூபாய்க்கும் சமம். மனிதர்கள் அப்படி நினைப்பதில்லை. பால்காசு வேறு, பள்ளிக்கூட ஃபீஸ் வேறு, சீட்டுப் பணம் வேறு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் நம் அம்மாக்கள் சேர்த்த சிறுவாட்டுப் பணத்துக்கு எந்த வங்கிக் கணக்குக்கும் இல்லாத காவல் இருந்தது.

திலீப் சோமன், அமர் சீமா இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதை இந்தியக் கூலித் தொழிலாளர் குடும்பங்களிடமே சோதித்தது. வாரக் கூலியில் சேமிக்க வேண்டிய தொகையைத் தனியே உறையில் போட்டு மூடிவைத்தார்கள். சிலருக்கு ஒரே உறை. சிலருக்கு அதே தொகை இரண்டு உறைகளில். சில உறைகளின்மேல் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளின் படம். இரண்டாகப் பிரித்தவர்கள் அதிகம் சேமித்தார்கள், பிள்ளைகளின் முகம் பார்த்தவர்களும் அதிகம் சேமித்தார்கள். ஒரு உறையைக் கிழிக்கும் அவசரம் வரத்தான் செய்யும். ஒரே உறை என்றால் கிழித்ததோடு எல்லாம் போய்விடும். இரண்டாவது உறை இருந்தால் இன்னொரு முறை நின்று யோசிக்க ஓர் இடம் கிடைக்கிறது. கூலி வேலை செய்து வாழும் வீடுகளில் ஒரு காகித உறை இவ்வளவு செய்யும் என்பதை முதலில் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

இதைக் கைபேசிக் காலத்துக்கு மாற்றிக்கொள்வது கடினம் இல்லை. சம்பளம் வரும் கணக்கை யூபிஐயோடு இணைக்காமல் விட்டுவிட்டு, வேறொரு கணக்கை மட்டும் இணைக்கலாம். வாடகை, கரண்ட் பில், பள்ளி வேன், கேஸ் எல்லாம் சம்பளக் கணக்கிலிருந்தே போகட்டும். அன்றாடச் செலவுக்கான தொகையை மாதம் ஒருமுறை கொட்டாமல், வாரா வாரம் இரண்டாம் கணக்குக்கு மாற்றினால் நான்கு உறைகள் கிடைத்த மாதிரி. 'போதிய இருப்பு இல்லை' என்று திரை சொல்லும்போது தொலைந்துபோன அந்தச் செலுத்தும் வலி கொஞ்சம் திரும்பிவரும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்காத ஒரு சிறு தொகை இருக்க வேண்டும் என்பதும் என் கருத்து. கணவன் வாங்கும் ஹெட்போனுக்கும் மனைவி வாங்கும் சுடிதாருக்கும் விசாரணை நடக்கும் வீட்டில் பட்ஜெட் நோட்டு ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்காது.

நோட்டில் எழுதாத செலவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏபிகேல் சஸ்மனும் ஆடம் ஆல்டரும் 2012-இல் கவனித்தது: மனிதர்கள் மளிகை, பெட்ரோல் போன்ற வழக்கமான செலவைச் சரியாகக் கணிக்கிறார்கள். எப்போதாவது வரும் செலவைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள், அதில் கூடுதலாகவும் கொடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொன்றையும் 'இது ஒருமுறைதானே' என்று தனித்தனியாகப் பார்ப்பதே காரணம். காதுகுத்து மொய், புதுமனை புகுவிழா, வண்டி டயர், பல் டாக்டர், ஆடித் தள்ளுபடி, பிள்ளையின் ஸ்கூல் ஆண்டுவிழா உடை. எதுவும் அடுத்த மாதம் திரும்ப வராது. வேறொன்று வரும். 2022-இல் வந்த மற்றொரு ஆய்வு எளிய கைமருந்து ஒன்றைச் சொல்கிறது. அடுத்த மாதச் செலவைக் கணிக்கும் முன், 'அது வழக்கமான மாதத்திலிருந்து எப்படியெல்லாம் மாறலாம்' என்று சில காரணங்களை யோசிக்கச் சொன்னால் கணிப்பு உண்மைக்கு நெருங்குகிறது. போன வருடக் கல்யாணப் பத்திரிகைகளையும் ரசீதுகளையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதச் செலவில் 'விசேஷம்' என்று ஒரு தலைப்பு போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

பணத்தைத் தானே எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளும் முறைக்கும் சான்று இருக்கிறது. பிலிப்பைன்ஸில் ஒரு கிராமிய வங்கி, குறித்த நாளோ குறித்த தொகையோ வரும்வரை எடுக்கவே முடியாத கணக்கு ஒன்றை வழங்கியபோது, கேட்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினர் தாமாகவே தங்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். 2006-இல் வந்த இந்த ஆய்வின்படி, அந்தக் கணக்கு வழங்கப்பட்ட குழுவின் சேமிப்பு ஓராண்டில் மற்றவர்களைவிட 81 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக வளர்ந்தது. நம் சீட்டும் அஞ்சலக ஆர்.டி.யும் செய்வது இதே வேலைதான். சீட்டு என்றால் பதிவுபெற்றதாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லோரிடமும் இதைச் சொல்ல முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சுற்றி 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் நால்வரும் எழுதியது. அறுவடைக்கு முன், அடகும் கடனுமாகக் கழியும் மாதங்களில் ஒருமுறை, கரும்புப் பணம் கைக்கு வந்தபின் ஒருமுறை என்று அதே விவசாயிகளிடம் சிந்தனைத் திறன் சோதனைகளை நடத்தினார்கள். பணமில்லாத மாதங்களில் அதே மனிதரின் மதிப்பெண் குறைவாக இருந்தது. இந்த ஆய்வின் கணக்குமுறைமீது விமர்சனங்கள் வந்திருக்கின்றன, விவாதம் தொடர்கிறது. என்றாலும் வறுமையில் இருப்பவரிடம் 'யோசித்துச் செலவு செய்' என்று உபதேசிப்பதற்கு முன் வாயைக் கட்டிக்கொள்ள இது போதும். வருமானமே பற்றாத வீட்டுக்கு உறைகளைவிடக் கூலி உயர்வு முக்கியம். வருமானம் ஏற்ற இறக்கமாக வரும் வீட்டில், திட்டம் போடும் வேலையைப் பணம் கைக்கு வந்த வாரத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

விற்கிறவர் பக்கமும் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணைய வணிகத்தின் 13 ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்யும் நெறிமுறைகளை அறிவித்தது. கையிருப்பு நிறைய இருக்கும்போதே 'இன்னும் இரண்டுதான் உள்ளது' என்று காட்டும் பொய்யான அவசரம், கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் நுழைப்பது, சேர எளிதாகவும் விலகக் கடினமாகவும் இருக்கும் சந்தா, கடைசித் திரையில் மட்டும் வெளிப்படும் கட்டணங்கள், 'வேண்டாம்' என்றால் வெட்கப்பட வைக்கும் வாசகங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. தானாகக் கழியும் சந்தாக்களுக்கு, பொதுவாக 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தகவலிலிருந்தே சந்தாவை நிறுத்தும் வழிக்குப் போகலாம். ஏமாற்று வடிவமைப்பைக் கண்டால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் தரலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.